கடலடிக் குழாயை எடுப்பதா, விடுவதா? வடகடலின் பழைய எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கான தெரிவுகள்

வடகடலின் பிரித்தானியப் பகுதியில் வெஸ்ட் சோல் எரிவாயு வயல் 1965-இல் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதன் எரிவாயு ஈசிங்டன் கரையை எட்டியது. 1975-இல் ஃபோர்ட்டீஸ் வயலின் எண்ணெய், 32 அங்குல விட்டமுள்ள குழாய் வழியாக ஸ்காட்லாந்தின் குரூடன் பே கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தலைமுறைக் குழாய்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுப் பயன்பாட்டை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. பல வயல்கள் எதிர்பார்த்ததைவிட நீண்டகாலம் உற்பத்தி தந்ததால் குழாய்களின் ஆயுளும் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. இப்போது வயல்கள் வற்றி, கடலில் நிற்கும் உற்பத்தி மேடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றப்படும்போது, அவற்றை இணைத்த குழாய்களை என்ன செய்வது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

மேடைகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குப் பெருமளவு விடை உண்டு. பிரெண்ட் ஸ்பார் என்னும் எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அட்லாண்டிக்கின் ஆழத்தில் மூழ்கடிக்க 1995-இல் ஷெல் நிறுவனம் முயன்று, ஐரோப்பா முழுவதும் எழுந்த எதிர்ப்பால் கைவிட்டதன் தொடர்ச்சியாக, வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் ஆணையம் 1998-இல் எடுத்த 98/3 எண்ணுள்ள முடிவு, பயன்பாடு முடிந்த கட்டுமானங்களைக் கடலில் விடுவதைச் சில விதிவிலக்குகள் தவிரத் தடை செய்தது. ஆனால் அந்த முடிவின் வரம்புக்குள் குழாய்கள் வரவில்லை. மேடையை எடு என்று சொன்ன உடன்படிக்கை, மேடையிலிருந்து புறப்படும் குழாயைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் போக்கில் ஒரு விடையைக் கண்டிருக்கிறது. அந்த விடைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியும் நிற்கின்றன.

ஆஸ்திரேலியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 572-ஆம் பிரிவு, உரிமப் பகுதியிலுள்ள எல்லாச் சொத்தையும் அகற்றுவதையே அடிப்படைக் கடமையாக வைக்கிறது. விட்டுச்செல்ல விரும்புபவர் அதற்கான நியாயத்தை நிறுவ வேண்டும். நார்வே, மீன்பிடிப்புக்கு இடையூறாகவோ ஆபத்தாகவோ இல்லாத குழாய்களை விட்டுவிடலாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில், 1960-களிலிருந்து பயன்பாட்டை விட்டு நீங்கிய குழாய்களில் 97 விழுக்காட்டுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 18,000 மைல் நீளம், கடலடியிலேயே விடப்பட்டதாக அந்நாட்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2021-இல் அறிக்கை அளித்தது. விதிப்படி அங்கு விட்டுச்செல்வது ஒரு விதிவிலக்குதான். விதிவிலக்கே வழக்கமாகிப் போனது எப்படி என்பதை அந்த அறிக்கையைப் படிப்பவர் யாரும் கேட்காமல் இருக்க முடியாது.

பிரித்தானியா இந்த இரு முனைகளுக்கும் நடுவே நிற்கிறது. 1998-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின்கீழ், ஓப்ரெட் எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பிடம் ஒவ்வொரு நிறுவனமும் தன் குழாய்களுக்கான தெரிவுகளைப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், தொழில்நுட்பச் சாத்தியம், சமூக விளைவு, செலவு ஆகிய ஐந்து அளவுகோல்களில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். எந்தத் தெரிவும் முன்கூட்டியே வென்றதாகவோ தோற்றதாகவோ கொள்ளப்படுவதில்லை. என் மதிப்பீட்டில் இந்த முறை மற்றவற்றைவிட நேர்மையானது. ஆனால் அதன் நேர்மை, ஒப்பீட்டு அட்டவணையை நிரப்புபவர் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார் என்பதில் அடங்கியிருக்கிறது. எடுப்பதன் ஆபத்தும் விடுவதன் ஆபத்தும் ஒரே காலத்தில், ஒரே மனிதர்மேல் விழுவதில்லை. அட்டவணையோ இரண்டையும் அடுத்தடுத்த கட்டங்களில் வைத்து ஒப்பிடச் சொல்கிறது.

தெரிவுகளுக்குள் செல்லுமுன், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வேலை இருக்கிறது: சுத்தம் செய்தல். குழாய்க்குள் பிக் எனப்படும் துப்புரவு உருளைகளை அழுத்தத்தால் செலுத்தி, மெழுகையும் கசடையும் தள்ளி, பிறகு கடல்நீரால் கழுவ வேண்டும். வெளிவரும் நீரில் எண்ணெயின் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது வடகடலில் வழக்கமாகக் குறிவைக்கப்படும் அளவு. இதைச் செய்யத் தேவையான ஏவுகூண்டு, பம்பு, கழிவுநீரை வாங்கிக்கொள்ளும் தொட்டி எல்லாம் மேடையில்தான் இருக்கின்றன. மேடையை முதலில் கழற்றிவிட்டுக் குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடும் நிறுவனம், மலிவாக முடிந்திருக்கக்கூடிய வேலையை ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திச் செய்ய வேண்டியதாகிவிடும். சில பழைய கிளைக்குழாய்களில் விட்டம் இடையில் மாறுவதாலோ வளைவு கூர்மையாக இருப்பதாலோ பிக் செல்லவே முடியாது. அத்தகைய குழாயில் உள்ளே என்ன எஞ்சியிருக்கிறது என்பது ஊகமாகவே நிற்கும். அந்த ஊகத்தின்மேல் கட்டப்படும் எந்த ஒப்பீடும் ஆட்டம் காணும்.

கழுவினாலும் போகாதவையும் உண்டு. உற்பத்தி நீரோடு வந்து குழாயின் உட்சுவரில் படியும் செதில்களில் ரேடியம்-226, ஈயம்-210 போன்ற இயற்கைக் கதிரியக்கத் தனிமங்கள் இருக்கும். தாய்லாந்து வளைகுடாவைப் போலப் பாதரசம் கலந்த எரிவாயு ஓடிய இடங்களில், அந்தப் பாதரசம் எஃகின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. வெறும் நீர் அதை அசைப்பதில்லை. வெளிப்புறத்தில் நிலக்கரித்தார்ப் பூச்சும், அதன்மேல் கான்கிரீட் உறையும், துருப்பிடிப்பதைத் தடுக்கக் கட்டப்பட்ட துத்தநாக அல்லது அலுமினிய அனோடுகளும், அதாவது எஃகுக்குப் பதிலாகத் தாம் கரையும் உலோகக் கட்டிகளும், இருக்கின்றன. இவற்றில் எதையும் மறந்துவிட்டு அதை வெறும் எஃகுக் குழாய் என்று எழுதுவது, கணக்கில் பாதியை விட்டுவிடுவதாகும்.

இனி முழுமையாக எடுப்பதைப் பார்க்கலாம். 30 அங்குல விட்டமும் 19 மில்லிமீட்டர்ச் சுவரும் 60 மில்லிமீட்டர்க் கான்கிரீட் உறையும் கொண்ட, 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மாதிரிக் குழாயை எடுத்துக்கொள்வோம். எஃகு மட்டும் மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிலோ. கான்கிரீட்டையும் சேர்த்தால் 800 கிலோவைத் தாண்டும். இத்தகைய குழாயைச் சுருட்டி எடுக்க முடியாது, கான்கிரீட் நொறுங்கிவிடும். போட்ட விதத்தையே தலைகீழாக்கி, கப்பலின் பின்புறச் சரிவின்மேல் இழுத்து ஏற்றலாமா என்றால், நாற்பது ஆண்டுத் துருவுக்குப் பிறகு அந்த இழுவிசையை எஃகு தாங்குமா, கான்கிரீட் உறை வழுக்கிக் கழன்று விழுமா என்று எவரும் உறுதி கூற மாட்டார்கள். எஞ்சுவது வெட்டித் தூக்கும் முறை. கடலடியில் மணலையோ களிமண்ணையோ நீர்த்தாரையால் விலக்கி, குழாயைச் சுற்றி இடம் உண்டாக்கி, வைரப் பற்கள் கோத்த வயர் ரம்பத்தால் அல்லது ஹைட்ராலிக் கத்தரியால் அறுத்து, 12 மீட்டர் நீளத்தில் பத்து டன் எடையுள்ள துண்டைக் கிரேனில் கோத்து மேலே கொண்டுவர வேண்டும்.

100 கிலோமீட்டருக்கு அத்தகைய துண்டுகள் 8,300-க்கு மேல். நாளொன்றுக்கு 30 துண்டு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 280 வேலை நாட்கள் ஆகும். வடகடலின் நல்ல வானிலை மாதங்களைக் கொண்டு பார்த்தால் இது இரண்டு கோடைகளுக்குக் குறையாது. கடலுக்குள் நடக்கும் வேலையைப் பெரும்பாலும் தொலைவிலிருந்து இயக்கப்படும் வாகனங்களே செய்துவிடுகின்றன. ஆபத்து கப்பல்தளத்தில்தான் கூடுகிறது. ஈரமான, சேறு வழியும், கான்கிரீட் விளிம்பு உதிர்ந்துகொண்டிருக்கும் பத்து டன் துண்டு ஒன்று, அலையில் ஆடும் கப்பலில் கயிற்றில் தொங்கியபடி இறங்கும்போது, அதைப் பிடித்து வழிநடத்த அருகே ஆள் நிற்க வேண்டும். அந்தக் காட்சி 8,300 தடவை திரும்ப நடக்க வேண்டும். அதன்பிறகு துறைமுகத்தில் கான்கிரீட்டை உடைத்துத் தார்ப்பூச்சை உரித்தெடுக்கும் வேலையும், செதில்களிலிருந்து கிளம்பும் தூசியும் வேறு. எடுக்கும் தெரிவின் உயிராபத்து மதிப்பெண் எப்போதும் உயர்ந்து காணப்படுவதற்கு இதுவே காரணம். அது நிறுவனங்களின் தந்திரம் என்று ஒதுக்கிவிடத் தகுந்ததன்று.

சிறிய குழாய்களின் கதை வேறு. கான்கிரீட் உறையில்லாத, கடலடியின் மேற்பரப்பிலேயே கிடக்கும் நெகிழ் குழாய்களையும் மேடைக்கும் கிணற்றுக்கும் இடையே மின்சாரமும் வேதிப்பொருளும் கொண்டுசென்ற கட்டுக்கம்பிகளையும் பெரும் உருளையில் சுருட்டி எடுத்துவிடலாம். அந்த வேலையைக் கப்பல்கள் பழகியும் விட்டன. ஓப்ரெட்டின் வழிகாட்டுதலும் புதைக்கப்படாத சிறுவிட்டக் குழாய்களைப் பொதுவாக முழுவதும் அகற்ற வேண்டும் என்றே எதிர்பார்க்கிறது. இதில் விவாதிக்க அதிகமில்லை.

விட்டுச்செல்லும் தெரிவுக்கு வருவோம். ஆபத்து இங்கே எண்ணெயால் வருவதன்று, இரும்பால் வருவது. 1997 மார்ச்சில் வெஸ்ட்ஹேவன் என்னும் ஸ்காட்லாந்து மீன்பிடிப் படகின் இழுவலைச் சாதனம் கடலடிக் குழாய் ஒன்றில் சிக்கிக்கொள்ள, படகு மூழ்கி நான்கு மீனவர்கள் உயிரிழந்தனர். நீரோட்டம் குழாயின் அடியிலிருந்த மணலை அரித்துவிட்டால், குழாய் இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு நடுவில் அந்தரத்தில் நிற்கும். இழுவலையை விரித்துப் பிடிக்கும் கனமான பலகை அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வராது. மீட்பதற்காக வின்ச்சை இயக்கும் படகைக் கடல் பக்கவாட்டில் கவிழ்த்துவிடும். அந்தக் குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறதா, கடல்நீர் இருக்கிறதா என்பது அந்தப் படகுக்கு ஒரு பொருட்டே இல்லை. பத்து மீட்டர் நீளமும் 0.8 மீட்டர் உயரமும் கொண்ட அந்தரப் பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற நடைமுறை பிரித்தானியாவில் இருக்கிறது. ஆனால் அறிவிக்க வேண்டுமென்றால் முதலில் யாரோ போய் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு முரண் இருக்கிறது. 16 அங்குலத்துக்கும் மேற்பட்ட பெரிய குழாய்களை அகழியில் புதைக்க வேண்டியதில்லை என்பது வடகடலில் நெடுங்கால வழக்கம். இழுவலைப் பலகை மோதினாலும் தாங்கும் வலிமை அவற்றுக்கு உண்டு என்பதே அதற்கான காரணம். வலிமையை நம்பித்தான் அவை புதைக்கப்படாமல் விடப்பட்டன. அனோடுகள் கரைந்து தீர்ந்தபின் அந்த வலிமை மெல்லக் குறையத் தொடங்கும். கடல்நீரில் மூழ்கிய சாதாரண எஃகு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேயும் என்ற பொதுக் கணக்கில், 19 மில்லிமீட்டர்ச் சுவர் கரைய இரண்டு நூற்றாண்டு போல ஆகலாம். சேற்றுக்குள் புதைந்த பகுதியில் ஆக்சிஜன் குறைவாதலால் இன்னும் மெதுவாகத் தேயும். குழிக்குழியாக அரிக்கும் இடங்களிலோ அதற்கு வெகுமுன்பே ஓட்டை விழும். ஆகவே குழாய் ஒரே நாளில் இல்லாமல் போகாது. இடையிலுள்ள நீண்ட காலத்தில் அது கூரிய விளிம்புகளும், கம்பி வலை நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் ஓடுகளும், சரிந்த துண்டுகளுமாகக் கிடக்கும். முழுக்குழாயைவிட அந்த நிலையே வலைக்கு மோசமானது. விட்டுச்செல்லும் தெரிவை ஆதரித்து எழுதப்படும் ஆவணங்களில் நான் முதலில் தேடுவது, இந்த இடைக்காலத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

நன்றாகப் புதைந்த குழாயின் நிலை இவ்வளவு மோசமில்லை. மேலே 0.6 மீட்டர் மண் இருந்தால் போதுமான புதைவு என்று பிரித்தானிய வழிகாட்டுதல் கொள்கிறது. வடபகுதியின் இறுகிய களிமண்ணில் அகழியில் இறக்கப்பட்ட குழாய், போட்ட இடத்திலேயே அசையாமல் கிடக்க நல்ல வாய்ப்புண்டு. தென்பகுதியிலோ கடலடியில் மணல் அலைகள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்த குழாய், சில ஆண்டுகளில் வெளியே தலைகாட்டலாம். மறுபடி மூடிக்கொள்ளவும் செய்யலாம். இங்கே ஒரே ஓர் ஆய்வின் வரைபடத்தைக் காட்டிப் புதைந்திருக்கிறது என்று முடிவுகட்டுவது போதாது. குழாய் பயன்பாட்டில் இருந்த காலம் முழுவதும் எடுக்கப்பட்ட ஆய்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தரவு நிறுவனங்களிடம் பெரும்பாலும் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் சூறாவளிகளும் அவை கிளப்பும் கடலடிச் சேற்றுச்சரிவுகளும் குழாய்களையே இடம்பெயர்த்திருக்கின்றன. அங்கே குழாயின் முனைகளை அடைத்து மூன்றடி ஆழத்தில் புதைக்க வேண்டும் என்ற விதி இருந்தும், அதன்பின் அவை எங்கே கிடக்கின்றன என்பதைக் கண்காணிக்க உறுதியான ஏற்பாடு இல்லை என்பதுதான் 2021 அறிக்கையின் முதன்மையான குறைகூறல்களில் ஒன்று.

எடுப்பதற்கும் விடுவதற்கும் இடையே கல் கொட்டி மூடுதல் என்னும் தெரிவு நிற்கிறது. நிறுவனங்களுக்கு இது மிகவும் பிடித்தமானது. கப்பலிலிருந்து நீண்ட குழல் வழியாக உடைகற்களை இறக்கி, குழாயின்மேல் சரிவான வரப்பு அமைத்துவிட்டால் இழுவலை அதன்மேல் ஏறி இறங்கிப் போய்விடும். வேலை விரைவில் முடியும், ஆட்களுக்கு ஆபத்தும் குறைவு. ஆயினும் ஒப்பீட்டில் இதற்குக் கிடைக்கும் மதிப்பெண் மிகை என்று நினைக்கிறேன். முதலாவதாக, மணலும் சேறுமாக இருந்த வாழிடத்தின் குறுக்கே கிலோமீட்டர் கணக்கில் கல்வரப்பு ஒன்று நிரந்தரமாக முளைக்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது: கல்லைக் கொட்டியபின் அந்தக் குழாயை எதிர்காலத்தில் நடைமுறையில் எவரும் எடுக்க முடியாது. வெறுமனே விட்டுவைத்த குழாயை நாளை மலிவான, பாதுகாப்பான கருவி வரும்போது எடுத்துக்கொள்ளலாம். கல் மூடிய குழாய்க்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. முடிவை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு என்பதற்கு ஐந்து அளவுகோல்களில் தனி இடமில்லை. அதனால்தான் இந்த இழப்பு அட்டவணையில் தெரிவதில்லை. ஆகவே கல் கொட்டுவதை வெட்டிய முனைகளுக்கும், வேறு வழியே இல்லாத அந்தரப் பகுதிகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே சரி. மண்ணைக் கிளறிக் குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்கும் முறை, களிமண் இடங்கொடுத்தால் அதைவிட நல்லது.

மறுபயன்பாடு நான்காவது தெரிவு. பிரிக் வயலிலிருந்து ஸ்காட்லாந்தின் செயின்ட் பெர்கஸுக்கு 1970-களில் போடப்பட்ட நார்வேக் குழாய், அந்த வயல் மூடப்பட்ட பின்னும் வெஸ்டர்லெட் என்ற பெயரில் ஹெய்ம்டல் என்னும் இன்னொரு வயலின் பக்கமிருந்து வரும் எரிவாயுவைச் சுமந்தது. இப்போது பேசப்படுவது கரியமில வாயு. 2004 முதல் 2011 வரை உற்பத்தி செய்த கோல்டன் ஐ வயலின் 20 அங்குலக் குழாய், கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் கொண்டுசெல்லும் ஏக்கார்ன் திட்டத்துக்காக விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. இளமையான, நல்ல ஆவணங்கள் உள்ள குழாய்க்கு இது பொருந்தும். 1970-களின் எஃகுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஈரம் கலந்த கரியமில வாயு அமிலமாகி எஃகை அரிக்கும். நீர்மம்போல அடர்ந்த நிலைக்கு அழுத்தி அனுப்பப்படும்போது ஏற்படும் விரிசல், பழைய எஃகின் குறைந்த உறுதியால் நெடுந்தூரம் ஓடக்கூடும். இதையெல்லாம் சோதித்துப் பாராமல், என்றேனும் பயன்படலாம் என்று சொல்லிக் குழாயை விட்டுவைப்பது, அகற்றும் செலவைத் தள்ளிப்போடும் வசதியான சொல்லாகவும் மாறக்கூடும். குறிப்பிட்ட திட்டமும் கெடு தேதியும் இல்லாத மறுபயன்பாட்டை நான் ஒரு தெரிவாகவே எண்ணுவதில்லை.

சுற்றுச்சூழல் கணக்கில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். குழாயின்மேல் உயிரினங்கள் ஒட்டி வளர்ந்திருக்கின்றன, மீன்கள் அண்டுகின்றன என்பது உண்மை. ஆனால் அதுவே விட்டுச்செல்வதற்குப் போதிய காரணமாகாது, ஏனெனில் அங்கே முன்பு இருந்த கடலடி வேறு. கார்பன் கணக்கிலோ ஒரு வினோதம் இருக்கிறது: கடலில் விடப்படும் எஃகுக்கு ஈடாகப் புதிய எஃகு உருக்கப்படும் என்று கொண்டு, அந்த உமிழ்வையும் விட்டுச்செல்லும் தெரிவின் தலையில் ஏற்றுவது தொழில்துறையின் வழக்கம். அதை ஏற்றினால் எடுத்தலும் விடுதலும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவதுண்டு. ஏற்றாவிட்டால் கப்பல்களின் எரிபொருளால் எடுத்தல் பெருந்தோல்வி அடையும். ஒரு வரி அனுமானத்தால் வெற்றி தோல்வி மாறும் அளவுகோலுக்குப் பெரிய எடை கொடுக்கலாகாது.

இப்போது காலத்துக்கு வருகிறேன். ஒரு குழாயை விட்டுச்செல்வதால் ஆண்டுதோறும் ஒரு மரண விபத்து நிகழ்வதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். அட்டவணையில் அது மிகச் சிறிய எண்ணாகத் தெரியும். 300 ஆண்டுக்கு அது நூற்றுக்கு மூன்றாகிறது. எடுக்கும் வேலையின் ஆபத்தோ இரண்டு கோடைகளில் தொடங்கி முடிந்துவிடும். அதை ஏற்பவர்கள் ஊதியம் பெற்று, பயிற்சி பெற்று, தலைக்கவசம் அணிந்து, வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமையோடு ஏற்கிறார்கள். விடுவதன் ஆபத்தை ஏற்பவர் இன்னும் பிறக்காத ஒரு மீனவர். அவரிடம் எவரும் கேட்கவில்லை. இரண்டையும் கூட்டிப் பெருக்கி ஒரே அலகில் சொல்வது கணிதப்படி சரி. ஆனால் ஆபத்தை யார் ஏற்கிறார் என்பது அதில் மறைந்துவிடுகிறது. ஒப்பீட்டு ஆவணத்தில் அவ்விரண்டும் தனித்தனி வரிகளாக நிற்க வேண்டும் என்று நான் கேட்பது அதற்காகவே.

பணத்திலும் இதே திரிபு நடக்கிறது. எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி வீதத்தை ஆண்டுக்கு 3.5 விழுக்காடாக வைத்துக் கணக்கிட்டால், நூறு ஆண்டுக்குப் பின் தேவைப்படும் பத்து லட்சம் பவுண்டு இன்றைய மதிப்பில் 32,000 பவுண்டுதான். எதிர்காலத்தில் அந்தரப் பகுதியைச் சீர்செய்யவோ உடைந்த துண்டுகளை அள்ளவோ ஆகும் செலவு, இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. அகற்றும் செலவில் கணிசமான பங்கை வரிச்சலுகை வழியாகப் பிரித்தானிய அரசே ஏற்கிறது என்பதால், குறைந்த செலவை விரும்புவது நிறுவனம் மட்டுமன்று; நிதித்துறையும்தான். ஒழுங்குமுறை அமைப்பு எதிர்கொள்ளும் அழுத்தம் இருபுறமிருந்தும் வருகிறது.

விட்டுச்செல்லப்பட்ட குழாயின் பொறுப்பு உரிமையாளரிடமே என்றென்றும் இருக்கும் என்று பிரித்தானிய வழிகாட்டுதல் சொல்கிறது. பழைய உரிமையாளர்களையும் திரும்ப அழைக்கப் பெட்ரோலியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இது வேறு பல நாடுகளில் இல்லாத வலுவான ஏற்பாடு. ஆனால் என்றென்றும் என்ற சொல்லுக்கு நிறுவனங்களின் ஆயுள் ஈடுகொடுப்பதில்லை. ஃபோர்ட்டீஸ் வயலை பி.பி. நிறுவனம் 2003-இல் அப்பாச்சிக்கு விற்றது. குழாய் அமைப்பு 2017-இல் இனியோஸுக்குக் கைமாறியது. நாற்பத்திரண்டு ஆண்டுக்குள் வயல் ஒருவருக்கும் குழாய் இன்னொருவருக்குமாகப் பிரிந்துவிட்டது. இரண்டு நூற்றாண்டு தேயப்போகும் எஃகுக்கு எந்த நிறுவனத்தின் கையொப்பம் காவல் இருக்கும்? ஆகவே பொறுப்பைச் சொல்லளவில் வைக்காமல், அனுமதி கொடுக்கும்போதே கண்காணிப்புக்கும் சீரமைப்புக்கும் ஆகும் தொகையைத் தனி நிதியில் கட்டவைப்பதே நம்பத்தக்க வழி. அந்தத் தொகையை விட்டுச்செல்லும் தெரிவின் செலவுக் கட்டத்தில் சேர்த்துவிட்டால், பல குழாய்களில் இரு தெரிவுகளுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் இப்போது காட்டப்படும் அளவுக்கு இருக்காது.

இவற்றை எல்லாம் வைத்து ஒரு முடிவுக்கு வரச் சொன்னால், குழாய் முழுவதற்கும் ஒரே தெரிவு என்ற அணுகுமுறையை முதலில் கைவிடுவேன். மேலே சொன்ன 100 கிலோமீட்டர் மாதிரிக் குழாயில், பல பத்தாண்டு ஆய்வுகளிலும் 0.6 மீட்டருக்குக் குறையாமல் புதைந்தே இருந்த பகுதியை விட்டுவிடலாம். அதைத் தோண்டி எடுக்க ஆயிரக்கணக்கான தடவை ஆட்களைத் தொங்கும் எடைக்கு அருகே நிறுத்துவதற்கு நியாயமில்லை. வெளியே தெரியும் பகுதிகள், அந்தரத்தில் நின்றதாக ஒருமுறையாவது பதிவான இடங்கள், மேடைக்கு அருகே புதைக்கப்படாமல் கிடக்கும் முனைகள் ஆகியவற்றை வெட்டி எடுக்க வேண்டும். அங்கே தோண்டும் வேலை குறைவு என்பதால் துண்டொன்றுக்கான ஆபத்தும் குறைவு. இன்னொரு நிறுவனத்தின் இயங்கும் குழாய் மேலே குறுக்கிட்டுச் செல்லும் இடத்தை மட்டும், அந்தக் குழாயும் ஓய்வு பெறும்வரை விட்டுவைக்க வேண்டும். அப்போது இரண்டையும் சேர்த்து எடுப்பார்கள் என்பதை இரு உரிமையாளர்களிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குறுக்கீடுகளின்மேல் போடப்பட்டுள்ள பழைய கான்கிரீட் விரிப்புகளைத் தூக்குவதில் தனிக் கவனம் தேவை. அவற்றைக் கோத்த கயிறு நைந்திருந்தால் பாதி வழியில் கட்டிகள் உதிரும்.

மணல் அலைகள் நகரும் தென்பகுதியில் இந்த விதியைச் சற்று இறுக்குவேன். அங்கே இன்று புதைந்திருப்பது நாளைக்கான உறுதியல்ல. மேலும் அங்குள்ள குழாய்களில் பல விட்டத்தில் சிறியவை, நீரும் ஆழம் குறைந்தது. எடுப்பதன் ஆபத்தும் செலவும் வடபகுதியைவிடக் குறைவு. சந்தேகம் இருக்கும் இடத்தில் எடுப்பதையே தெரிவாகக் கொள்ளலாம்.

வேலை முடிந்தபின் கடலடி தெளிவாக இருக்கிறதா என்று நிரூபிக்க, இழுவலைப் படகு ஒன்றை அமர்த்திச் சங்கிலி கட்டிய வலையால் அந்தத் தடம் முழுவதையும் வாரிப் பார்ப்பது பழைய வழக்கம். மீனவர்களுக்கு அதில்தான் நம்பிக்கை. தங்கள் சாதனமே போய் வந்த இடத்தை அவர்கள் நம்புகிறார்கள். கடலடியை ஒருமுறை உழுதுபோடுவதால் சூழலியலாளர்களுக்கு அது பிடிப்பதில்லை; பக்கவாட்டு ஒலியலைப் படம் போதும் என்கிறார்கள். விட்டுச்செல்லும் பகுதிகளில் முதல் ஆய்வை ஒலியலையால் செய்துவிட்டு, ஐயம் எழும் இடங்களில் மட்டும் வலையை இழுப்பது இருவரும் ஏற்கக்கூடியது.

தமிழகக் கடற்கரையிலும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. 2023 மார்ச்சில் நாகப்பட்டினம் மாவட்டம் பட்டினச்சேரிக் கடற்கரையில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, மீனவர்கள் கேட்டது கசிவை அடைப்பதை மட்டுமன்று. குழாயையே அகற்ற வேண்டும் என்று போராடினார்கள். 1974-இல் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயலில் பழைய குழாய்களுக்கு மாற்றாகப் புதியவற்றை இடும் திட்டங்கள் கட்டம் கட்டமாக நடந்து வந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அங்கே கடல்வேலை நின்றுவிடுவதால், வேலை நாட்களின் கணக்கு வடகடலைப் போலவே நெருக்கடியானது. ஆனால் கரையோரக் குழாய்க்கு வடகடலின் ஆழ்கடல் ஒப்பீட்டை அப்படியே எடுத்து வைக்க முடியாது. ஆழம் குறைந்த, கட்டுமரமும் நாட்டுப்படகும் விசைப்படகும் தினமும் வலை போடும் நீரில் அகற்றும் வேலை எளிது. விட்டுவைப்பதன் ஆபத்தை ஏற்பவர்களோ கரையிலேயே, பெயர் சொல்லி அழைக்கும் தூரத்தில் குடியிருக்கிறார்கள். அத்தகைய குழாய்க்கு, விட்டுச்செல்லக் கோருபவரே காரணம் காட்ட வேண்டும் என்ற ஆஸ்திரேலிய விதியே பொருத்தமானது. உள்ளே எஞ்சியதை வெளியேற்றிக் கழுவியதற்கான சோதனை அறிக்கையை அந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் தமிழில் கொடுத்துவிட்டுத்தான் முதல் வெட்டைத் தொடங்க வேண்டும்.